சமாதானக் கடிதங்கள்



காஞ்சிபுரத்துக்கு அறக்கட்டளை புதிதன்று. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் எழுதிவைத்த அறப்பணம் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்து, 1842இல் சென்னையில் பள்ளிக்கூடமாக எழுந்தது. அந்த அறத்தின் பள்ளி இந்த ஊருக்கும் வந்தது. நெசவுக் குடும்பத்துப் பிள்ளையான அண்ணா அதில்தான் படித்தார். 1947இல் இங்கே கல்லூரியும் வந்தது. யாரோ ஒருவர் சேர்த்த பணம், அவர் முகமறியாத ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கிறது. அப்படிப் படிக்கப் போன பிள்ளை முதல் மாதத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினால், பணம் போட்டவரின் அறமும் பாதி வழியில் நின்றுபோகிறது. இந்த எண்ணத்தில்தான் இன்றைய அறக்கட்டளை உரைக்கு ராகிங் என்ற பொருளை எடுத்துக்கொண்டேன்.

ராகிங் கொடியது என்று நிறுவுவதற்கு நான் வரவில்லை. இந்த அவையில் அதை மறுப்பவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்கவும் வரவில்லை. இந்தியாவிலேயே முன்னோடியான சட்டங்களில் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. புகார் கையில் வந்த பிறகு நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசி, தட்டிக்கொடுத்து, இருதரப்பிலும் கையெழுத்து வாங்கி எழுதப்படும் சமாதானக் கடிதம் இருக்கிறதே, ராகிங்கை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது அதுதான் என்பது என் முடிவு.

முதலில் சிதம்பரத்துக்குப் போவோம். இங்குள்ள மாணவர்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவில்லை. 1996ஆம் ஆண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தான் பொன் நாவரசு. அவன் தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 10. பண்டிகைக்கு வர வேண்டிய பிள்ளை வரவில்லை. நவம்பர் 6ஆம் தேதியிலிருந்தே அவனைக் காணவில்லை. பிறகு தெரியவந்த செய்தியைக் கேட்டுத் தமிழ்நாடே உறைந்தது. அவன் ராகிங்கில் கொலை செய்யப்பட்டிருந்தான். உடலின் பகுதிகள் சிதம்பரத்தில் ஓரிடம், கடற்கரையோரம் ஓரிடம், சென்னைப் பேருந்து ஒன்றில் என்று வெவ்வேறு இடங்களில் கிடைத்தன. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய் தந்தையர் செய்தித்தாளில் அதையெல்லாம் படிக்க நேர்ந்தது போதும்.

அதே கல்லூரியின் மூத்த மாணவரான ஜான் டேவிட் மன்னார்குடி நீதிமன்றத்தில் சரணடைந்தார். 1998 மார்ச்சில் கடலூர் அமர்வு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் சாட்சியச் சங்கிலி முழுமையாக இல்லையென்று விடுதலை செய்தது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் கடலூர் தீர்ப்பையே உறுதிசெய்தது. இடைப்பட்ட காலத்தில் வேலைக்குப் போய் வாழத் தொடங்கியிருந்தவர் மறுபடி சிறைக்குள் போனார். சம்பவத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே பதினான்கரை ஆண்டுகள்.

ஒரு செய்தியை இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டும். நாவரசு துணைவேந்தரின் மகன். மாநிலத்தின் கல்விப் படிநிலையில் அதற்கு மேல் ஓரிரு நாற்காலிகள்தான் இருந்திருக்கும். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே ஒரு விடுதிக்குள் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று என்றால், நம் ஊர்ப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு எது பாதுகாப்பு?

நாவரசு கொலைக்கு அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. 1997இல் அது தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமானது. ஈராண்டுகள் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்வி நிலையத்திலும் சேர முடியாது. அந்தச் சட்டம் ராகிங்கை வரையறுக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடி உதையோடு அது நிற்கவில்லை. அச்சமோ வெட்கமோ கூச்சமோ உண்டாக்கும் எந்தச் செயலும் ராகிங். ஒரு மாணவர் சாதாரணமாகத் தானே விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் ராகிங். “சும்மா பாடச் சொன்னோம், ஆடச் சொன்னோம்” என்று தப்பிக்க அதில் இடமே இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால், அல்லது அலட்சியமாக விட்டால், அவரே அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்படுவார். தண்டனையும் அவருக்கு அதேதான். கல்லூரி வாசல்களில் “ராகிங் தண்டனைக்குரிய குற்றம்” என்ற பலகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாணவருக்கு என்ன தண்டனை என்பது அதில் பெரிய எழுத்தில் இருக்கும். முதல்வருக்கு என்ன தண்டனை என்று எழுதிய பலகையை நான் எந்த வாசலிலும் கண்டதில்லை. சட்டத்தின் பாதியை மட்டும் வாசலில் எழுதி மாட்டியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் ராகிங் தடுப்புக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது பல கல்லூரிகளில் நடக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்த முதலாண்டு மாணவன் ஒருவன். விடுதிக் குளியலறையில் இரவு முழுக்க நிற்க வைத்து, ஒரு பக்கப் புருவத்தை மழித்துவிட்டிருந்தார்கள். பையன் வீட்டுக்குச் சொல்லவில்லை. உடன் படிக்கும் ஒருவன் சொல்லி, பையனின் அப்பா முதல் பேருந்தில் ஏறி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. நெசவாளர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. இழையைப் பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் காய்த்திருந்தன.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே மேசைமேல் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. “நட்பு முறையில் நிகழ்ந்த விளையாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு அளித்த புகாரை மனமுவந்து திரும்பப் பெறுகிறேன்” என்பது போன்ற வாசகம். விசாரணையே நடக்கவில்லை, முடிவு அச்சாகிவிட்டது. வார்டன் கனிவாகத்தான் பேசினார். “ஐயா, உங்க பையன் இன்னும் மூணரை வருஷம் இங்கதான் இருக்கணும். அந்தப் பசங்களும் இங்கதான் இருப்பாங்க. பகையை வளர்த்துக்கணுமா, நீங்களே சொல்லுங்க.” எதிர்த் தரப்புத் தந்தை ஒருவர் எழுந்து வந்து நெசவாளரின் தோளில் கை வைத்தார். “அண்ணே, எம்பையனையும் உங்க பையனா நெனச்சிக்கங்க. கேஸு அது இதுன்னு போனா அவன் வாழ்க்கையே வீணாப் போயிடும்” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அறையில் இருந்த எல்லோருடைய இரக்கமும் கண்ணெதிரே தவறு செய்த பையனின் எதிர்காலத்தின் பக்கம் நகர்ந்துபோனது. புருவம் இழந்தவன் சுவரோரம் தலை குனிந்து நின்றிருந்தான்.

அவன் அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “புருவம் வளர எத்தனை நாளாகும் சார்?” யாரும் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். குறிப்பேட்டில் என் மறுப்பை எழுதினேன். பெரும்பான்மை முடிவு அதை மூடிவிட்டது. அடுத்த பருவத்தில் அந்தப் பையன் வகுப்புக்கு வரவில்லை. கட்டணம் கட்டியது கட்டியதாகவே போயிற்று.

அந்தத் தந்தை ஏன் கையெழுத்துப் போட்டார் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் பின்னால் ஒரு வீடே நிற்கிறது. கல்விக் கடன் இருக்கும், அடகு வைத்த நகை இருக்கும், தம்பி தங்கைக்குத் தள்ளிப்போட்ட செலவு இருக்கும். அதனால்தான் பிள்ளை வீட்டுக்குப் பேசும்போது “நல்லா இருக்கேம்மா, சாப்பாடு பரவாயில்லை” என்றே சொல்கிறான். தன் துன்பத்தைச் சொன்னால் வீடு உடைந்துபோகும் என்று பதினெட்டு வயதில் அவனே முடிவு செய்துகொள்கிறான். கொடுமை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

விடுதியில் நடப்பது என்ன என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். “இன்ட்ரோ கொடு” என்பதில் தொடங்கும். சீனியர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சட்டையின் மூன்றாவது பட்டனைத்தான் பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, எதிரே வந்தால் “விஷ்” பண்ண வேண்டும். அவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும், துணி துவைக்க வேண்டும், நள்ளிரவில் பரோட்டா வாங்கி வர வேண்டும். பணம் இப்போது செல்பேசி வழியாகவே பறிக்கப்படுகிறது. இன்ட்ரோவில் கேட்கப்படும் கேள்விகள் வெறும் அறிமுகக் கேள்விகள் இல்லை. “அப்பா என்ன பண்றாரு?” “காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?” எந்தத் தெரு என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பது கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைந்த நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? சாதியைத் தெரிந்துகொண்ட பிறகு ராகிங்கின் தன்மையே மாறிவிடுகிறது. 2019இல் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடியின இளம் மருத்துவர், மூத்த மருத்துவர்களின் துன்புறுத்தல் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு நடுவே உயிரை மாய்த்துக்கொண்டார். மகளுக்கு நேரும் கொடுமை பற்றித் தாம் முன்பே முறையிட்டதாக அவருடைய தாய் ஆபிதா தட்வி சொன்னார். நீதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார் அந்தத் தாய்.

ராகிங்குக்காக வாதாடுபவர்கள் உண்டு. நல்லவர்கள், படித்தவர்கள், சில ஆசிரியர்கள்கூட. “கொஞ்சம் இருந்தால்தான் கூச்சம் போகும், கிராமத்துப் பையன் தேறி வருவான், சீனியரோடு ஒட்டுதல் வரும்” என்பார்கள். அடியாத மாடு படியாது என்ற நம்பிக்கையின் கல்லூரி வடிவம் இது. இந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசக் காஞ்சிபுரத்தைவிடத் தகுதியான ஊர் இல்லை.

கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் குழந்தையின் கையாக இருந்தது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, அந்தக் கடனுக்காகப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்தார்கள். இழை அறுந்தால் அடி, கண் சொருகினால் அடி. கேட்டால், அப்படித்தான் தொழில் வரும் என்றார்கள். நானும் அப்படித்தான் கற்றேன் என்றார் ஆசான். அவர் சொன்னது பொய்யில்லை. அவரும் அடி வாங்கியவர்தான். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமையாகக் கிடந்த குழந்தைகளைப் பற்றி 2003இல்கூட ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அறிக்கை எழுதியது. ஆனாலும் ஊர் மெல்ல மெல்ல மாறியது. அதிகாரிகள் வந்தார்கள், வழக்குப் போட்டார்கள், சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள், தாய்மார்கள் மனம் மாறினார்கள். குழந்தையை அடிக்காவிட்டால் கோர்வை வராது என்றவர்கள் சொன்னது நடக்கவில்லை. கோர்வை இன்றும் வருகிறது. பெரியவர்கள் கூலி வாங்கிக்கொண்டு எதிர்க்கரையில் உட்காருகிறார்கள். காஞ்சிபுரம் பட்டின் தொல்லைகள் பல. விசைத்தறிப் போலி, ஜரிகை விலை, இளைஞர் தறிக்கு வராதது என்று அடுக்கலாம். குழந்தையை அடிக்காததால் வந்த தொல்லை அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. துன்பம்தான் தொழிலைக் கற்றுத் தரும் என்ற வாதத்தை நம் ஊர் தன் கையாலேயே பொய்யாக்கியிருக்கிறது. பிறகு அதே வாதத்தைக் கல்லூரி விடுதியில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

போன வருடம் அழுதவன் இந்த வருடம் ஏன் அழவைக்கிறான் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. 1959இல் அமெரிக்காவில் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவியரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரச் சிலர் கடுங்கூச்சம் தரும் ஒரு சோதனையைக் கடக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் எளிதாகச் சேர்ந்தார்கள். உள்ளே நடந்த பேச்சு வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. கூச்சப்பட்டுச் சேர்ந்தவர்களுக்கு அதே பேச்சு மற்றவர்களைவிடச் சுவையாகத் தோன்றியது. பட்ட துன்பம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனித மனம் மறுக்கிறது. “ராகிங்கால்தான் நாங்கள் நெருக்கமானோம்” என்று பழைய மாணவர் சந்திப்பில் பேசுபவர் பொய் சொல்லவில்லை. தன் காயத்துக்கு ஒரு பொருள் தேடிக்கொள்கிறார். அந்தப் பொருளைக் காப்பாற்ற அடுத்த வருடத்துப் பிள்ளையும் காயப்பட வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று, இன்று நேற்று வந்ததும் அன்று. பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இலேயே கான்ஸ்டான்டினோபிள், பெய்ரூட் சட்டப் பள்ளிகளில் புதிதாக வருபவர்களிடம் இழிவான விளையாட்டுகள் கூடாதென்று ஆணையிட்டிருக்கிறார். அதற்கும் முன்னால் நம் காஞ்சியில் நடந்த ஒன்றுக்குக் கல்வெட்டுச் சான்றே இருக்கிறது. கர்நாடகத்தில் தாளகுண்டா என்ற ஊரில் ஐந்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. மயூரசர்மன் என்ற இளைஞன் தன் ஆசிரியரோடு பல்லவர் தலைநகரான காஞ்சிக்கு வந்தான், இங்கிருந்த கடிகை என்ற கல்விச்சாலையில் கற்கச் சேர்ந்தான், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவில் அவமானப்பட்டுப் படிப்பை விட்டுவிட்டு வாளைக் கையில் எடுத்தான் என்கிறது அது. அவன் தோற்றுவித்ததுதான் கதம்ப மரபு. அந்தக் கடிகை சாதாரணப் பள்ளி இல்லை. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்மப் பல்லவமல்லனை அரசனாக்க அழைத்து வந்தவர்களில் கடிகையாரும் இருந்ததை வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அரசனைத் தேர்ந்தெடுப்பதில் பங்குபெற்ற கல்விச்சாலைக்கு, படிக்க வந்த ஒருவனின் மானத்தைக் காக்க முடியவில்லை. மயூரசர்மனுக்கு நாடு கிடைத்தது. எல்லா மாணவருக்கும் அது வாய்ப்பதில்லை. பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பி எதுவும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

நீதிமன்றங்களும் ஒரு காலத்தில் “உள்ளேயே பேசித் தீர்க்கலாம்” என்ற வழியில்தான் நின்றன. 2001இல் விஷ்வ ஜாக்ரிதி மிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளைத் தந்தது. கல்லூரி தன் ஒழுங்கைத் தானே காக்க வேண்டும், நிலைமை கைமீறினாலோ பெருங்குற்றம் நடந்தாலோ காவல்துறைக்குப் போகலாம் என்பது அதன் போக்கு. மாணவர்களைக் குற்றவாளிகளாக்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஐந்தாறு ஆண்டுகளில் அந்த நல்லெண்ணத்துக்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்துவிட்டது. சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் குழு அமைந்தது, 2007இல் அறிக்கை தந்தது. கல்லூரி எடுத்த நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவரோ பெற்றோரோ நிறைவடையாவிட்டால், நிறுவனமே காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பேசித் தீர்ப்பது தீர்வைத் தரவில்லை என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அனுபவத்தில் கண்டு வழியை மாற்றிக்கொண்டது. நம் கல்லூரிகள் இன்னும் 2001லேயே நிற்கின்றன.

2009 மார்ச் 8. இமாசலப் பிரதேசம் தாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற பத்தொன்பது வயது மாணவன், குடித்துவிட்டு வந்த மூத்த மாணவர்கள் அடித்ததில் இறந்தான். நான்கு பேருக்கு நான்காண்டு சிறை கிடைத்தது. அவன் தந்தை ராஜேந்திர கச்ரூ வீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. நாடு முழுதுக்குமான உதவி எண் ஒன்று இயங்குவதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைகள் அந்தச் சாவுக்குப் பின் வந்தவை. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், முதலாண்டினருக்குத் தனி விடுதி, விடுதியில் திடீர்ச் சோதனை, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை. உறுதிமொழிப் பத்திரம் வாங்குவதில் நம் கல்லூரிகள் ஒருபோதும் தவறுவதில்லை. 24 மணி நேரம் என்பதுதான் சமாதானப் பேச்சிலேயே கரைந்துவிடுகிறது.

கடலுக்கு அப்பால் நம் மொழி பேசுகிறவர்களிடமும் இதே கதைதான். 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் முதலாண்டு மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதை என்று அங்கே சொல்லப்படும் ராகிங்கில் கடுமையான உடற்பயிற்சிகள் செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். நாடு போரில் இருந்த காலம் அது. அத்தனை இடர்களுக்கு நடுவில் பொறியியல் படிக்கப் போன பிள்ளை குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி, சக மாணவர் கையில் உயிரை விட்டான். மறு ஆண்டே இலங்கையில் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சிதம்பரத்தில் ஒரு சாவு, ஒரு சட்டம். பேராதனையில் ஒரு சாவு, ஒரு சட்டம். தாண்டாவில் ஒரு சாவு, ஒரு ஒழுங்குமுறை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிள்ளையை விலையாகக் கொடுத்திருக்கிறோம். அந்த விலைக்கு வாங்கிய விதியைச் சமாதானக் கடிதம் ஒன்றால் ஒதுக்கிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

“பையன் வாழ்க்கை வீணாகிவிடும்” என்ற வாதத்துக்கு வருகிறேன். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. எதிர்த் தரப்புத் தந்தையின் கண்ணீர் உண்மையானது. தவறு செய்கிற மாணவனும் நம் பிள்ளைதான், பத்தொன்பது இருபது வயதுதான். ஆனால் அவன் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் முதல் தவறையே பதிவு செய்வார்கள். மானியக் குழுவின் தண்டனைகள் படிப்படியாகத்தான் இருக்கின்றன. இடைநீக்கம் உண்டு, உதவித்தொகை நிறுத்தம் உண்டு, தேர்வு எழுதத் தடை உண்டு, சில பருவங்கள் விலக்கி வைப்பது உண்டு, கடைசியில்தான் முழு நீக்கம். ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னபோதே ஒரு வாரம் இடைநீக்கம் ஆனவன் பெரும்பாலும் அதோடு திருந்துவான். புருவம் மழித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டவன், அடுத்த முறை எதற்கும் துணிவான். 2023 நவம்பரில் கோவையில் ஒரு முதலாண்டு மாணவனை அடித்துத் தலையை மொட்டையடித்த வழக்கில் ஏழு மாணவர்கள் கைதானார்கள். முதல் சிறு அத்துமீறலிலேயே யாராவது கண்டித்துப் பதிவு செய்திருந்தால், அந்த ஏழு வீட்டிலும் அன்று போலீஸ் வாகனம் வந்து நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

மாணவர்களே, உங்களில் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராகிங் செய்பவர்கள் எப்போதும் நாலைந்து பேர்தான். அறை வாசலில் நின்று சிரிப்பவர்களும், செல்பேசியில் படம் பிடிப்பவர்களும், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது போல் கிடப்பவர்களும்தான் அதிகம். குற்றவாளி யாரென்று தெரியாதபோது எல்லோருக்கும் சேர்த்துத் தண்டனை தரலாம் என்கிறது 2009 விதி. அதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் அது முழு நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்த இரவில் உங்களில் ஒருவன் “போதும், விடுங்கடா” என்று சொல்லியிருந்தால் அப்படி ஒரு விதியே தேவைப்பட்டிருக்காது. புருவம் இழந்த அந்தப் பையனின் அப்பாவுக்குத் தகவல் சொன்னதும் உடன் படித்த ஒருவன்தான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அன்று அந்தக் கல்லூரியில் சட்டப்படி தன் கடமையைச் செய்தவன் அவன் ஒருவனே.

முதல்வர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ராகிங் புகாரில் சமாதானக் கடிதம் வாங்குவதை நிறுத்துங்கள். புகார் வந்தால் கல்லூரியின் பெயர் கெடும் என்று அஞ்ச வேண்டாம். இத்தனை புகார் வந்தது, இத்தனையில் நடவடிக்கை எடுத்தோம் என்று ஆண்டு மலரிலேயே அச்சிடுங்கள். அப்படி அச்சிடும் கல்லூரியை நம்பித்தான் நான் என் பேரப்பிள்ளையை அனுப்புவேன். புகாரே வரவில்லை என்று பெருமை பேசும் கல்லூரிக்கு அனுப்ப மாட்டேன். வாசல் பலகையில் அந்த இன்னொரு பிரிவையும், தலைவருக்கான தண்டனையையும், எழுதி வையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை “நல்லா இருக்கேன்” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களில் ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். கூலி போனால் போகட்டும். ஏதாவது நடந்திருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது போதும். இரண்டு படி எடுத்து, ஒரு படியில் தேதியோடு கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்த எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். ஒரு நாளுக்குள் கல்லூரி காவல்துறைக்குப் போகவில்லையென்றால் நீங்களே காவல் நிலையத்துக்குப் போகலாம். தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் செல்பேசியிலும் உங்கள் செல்பேசியிலும் பதிந்து வையுங்கள்.